பிளாட்டினத்தின் பிடியைத் தளர்த்தும் நிக்கல்

நகையில் 916 என்று முத்திரை இருந்தால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை. தங்கம் வளையாமல் இருக்க அந்தக் கலப்பு. அதேபோல் எரிபொருள் மின்கலத்தில் வினையூக்கியான பிளாட்டினத்தோடு நிக்கலையோ கோபால்ட்டையோ கலக்கிறார்கள். செலவு குறையும் என்பது சரிதான். அதைவிட வேடிக்கை, சுத்த பிளாட்டினத்தைவிடக் கலந்த பிளாட்டினம் வேகமாக வேலை செய்கிறது.

இந்த மின்கலத்தில் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவே புரோட்டானை மட்டும் விடும் சவ்வு. எலெக்ட்ரான் கம்பி வழியே சுற்றிப் போகிறது. அதுதான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம். ஹைட்ரஜன் சட்டென்று பிரிந்துவிடும். இழுபறியெல்லாம் ஆக்சிஜன் பக்கத்தில். அங்கே ஆக்சிஜன் மூலக்கூறு உடைந்து, நான்கு புரோட்டானும் நான்கு எலெக்ட்ரானும் சேர்ந்து, இரண்டு நீர் மூலக்கூறாக வேண்டும்.

வினையூக்கி ஆக்சிஜனைப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். பிளாட்டினம் பிடிப்பதில் கெட்டி. விடுவதில் கொஞ்சம் கஞ்சன். வேலை முடிந்தும் இடத்தைக் காலி செய்யாத விருந்தாளிபோல ஆக்சிஜன் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

2007இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டாமென்கோவிச், மார்கோவிச் குழுவினர் மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் கொண்ட படிகத்தைச் சோதித்தார்கள். அதேபோல் வெட்டிய சுத்த பிளாட்டினப் படிகத்தைவிட அதன் வேகம் 10 மடங்கு. மேலடுக்கில் இருந்தது பிளாட்டினம் மட்டுமே. நிக்கல் அடுத்த அடுக்கில் ஏறக்குறைய பாதியளவு ஒளிந்திருந்தது. அதாவது, ஆக்சிஜனைத் தொடாமலேயே நிக்கல் வேலை பார்க்கிறது. நிக்கல் அணு சிறியது; மேலே உள்ள பிளாட்டின அணுக்கள் நெருங்கி அமர்கின்றன, எலெக்ட்ரான் அமைப்பும் மாறுகிறது, பிடி தளர்கிறது.

ஆனால் அது வழவழப்பான ஒற்றைப் படிகம். மின்கலத்தில் இருப்பதோ கரித்தூளில் ஒட்டிய, சில நானோமீட்டர் அளவுள்ள துகள்கள். சவ்வின் அமிலச் சூழலில் நிக்கலும் கோபால்ட்டும் மெல்லக் கரைகின்றன. கரைந்த அயனிகள் சவ்வுக்குள் புகுந்து புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இத்தனை தொல்லைக்கு நடுவிலும் 2014இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில் பிளாட்டினம்-கோபால்ட் வினையூக்கி இடம்பெற்றது.

இனி யாராவது இத்தனை மடங்கு வேகம் என்று புதுக் கலவையைக் காட்டினால், எத்தனை மணி நேரம் தாங்கியது என்று கேளுங்கள்.