ஹெரால்டு காருக்கு பிரேக் வாங்கிய கதை: வெளிநாட்டுக் கடையில் உதிரிபாகம் தேடுவது எப்படி?

வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. பாட்டு கேட்பது, படம் பார்ப்பது தவிர இதனால் உருப்படியாக என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் குத்தாலத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் கார் கதையைத்தான் சொல்வேன்.

பெரியப்பாவிடம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. 2023 ஆடிப்பெருக்கு அன்று பெரியம்மாவையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு காவிரிக் கரை இறக்கத்தில் வரும்போது, பிரேக் பெடல் சட்டென்று தரை வரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை.

இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகும். ஒன்று கசிந்தாலும் மற்றொன்று ஓரளவு காப்பாற்றும். இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பாதை. ஓர் இடத்தில் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக் மட்டும் கேபிளில் இயங்குவதால் அன்று கைகொடுத்தது.

முன் சக்கரத்து வீல் சிலிண்டர் உள்ளே அரித்துவிட்டது என்றார் மெக்கானிக். மயிலாடுதுறை, கும்பகோணம், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு எங்கும் கிடைக்கவில்லை. “நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே, அதுல தேடிக் குடுடா” என்றார் பெரியப்பா.

முதலில் பூர்வீகம்

எந்தப் பழைய பொருளுக்கும் உதிரிபாகம் தேடும் முன், அது எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹெரால்டு, பிரிட்டனில் 1959 முதல் 1971 வரை தயாரான டிரையம்ப் ஹெரால்டுதான். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதையே சென்னைக்கு வெளியே வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. அந்தக் கம்பெனி கார் தயாரிப்பை நிறுத்தி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆனால் பிரிட்டனில் இன்றும் டிரையம்ப் கார்களைப் பராமரிக்கும் ஆர்வலர்கள் ஏராளம். அவர்களுக்காகவே ரிம்மர் பிரதர்ஸ், கான்லி கிளாசிக்ஸ் போன்ற கடைகள் நடக்கின்றன. எனவே தேடலில் ‘ஸ்டாண்டர்டு’ என்பதை விட்டுவிட்டு, ‘டிரையம்ப் ஹெரால்டு 948’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் கதவு திறக்கும். 948 என்பது இன்ஜின் சி.சி. அளவு.

ஒரு எச்சரிக்கை. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. பிரிட்டனில் சில மாடல்களுக்கு முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். பெரியப்பாவின் காரில் நான்கும் டிரம். பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாம் பொருந்திவிடாது.

நான் செய்த தவறு

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு ஏலத் தளத்தில் ‘டிரையம்ப் ஹெரால்டுக்குப் பொருந்தும்’ என்று ஒருவர் போட்டிருந்தார். படம் அச்சு அசல் அப்படியே இருந்தது. விலையும் குறைவு. உடனே ஆர்டர் செய்தேன். மூன்று வாரத்தில் வந்தது.

மெக்கானிக் பழைய ஹோஸை அதில் திருகிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். “மரை ஏறுது தம்பி, ஆனா ஆடுது. இறுக்கினா இன்னைக்கு நிக்கும். அழுத்தி மிதிக்கிற அன்னைக்குப் பிடுங்கிக்கும்” என்றார்.

காரணம் இதுதான். பழைய பிரிட்டிஷ் கார்களின் பிரேக் இணைப்பு 3/8 அங்குல மரை. கூகுள் தேடல் பெட்டியில் 3/8 அங்குலம் எத்தனை மி.மீ. என்று ஆங்கிலத்தில் கேட்டால் 9.525 என்று வரும். எனக்கு வந்ததோ 10 மி.மீ. மெட்ரிக் மரை. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மரையின் இடைவெளியும் 1.058 மி.மீ.க்குப் பதில் 1 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் சட்டென்று தெரியாது.

சாஃப்ட்வேரில் வெர்ஷன் மாறினால் எர்ரர் மெசேஜ் வரும். பிரேக்கில் அது வராது. கொஞ்சமும் பொருந்தாத பாகத்தைத் தூக்கி வைத்துவிடலாம். கிட்டத்தட்ட பொருந்தும் பாகம்தான் ஆளைக் கொல்லும். விற்றவர் திருப்பி அனுப்பச் சொன்னார்; அதற்கான தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டியது. அது இன்றும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது!

பெயரைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள்

இரண்டாம் முறை முறையாகச் செய்தேன். நீங்களும் இந்த வரிசையில் செய்யவும்.

1. பழைய பாகத்தைக் கழற்றித் துடைத்து, மேலே வார்த்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். எங்களுடையதில் கர்லிங் என்ற பெயரும், சிலிண்டர் துளையின் அளவும் அங்குலத்தில் இருந்தன. இந்த கர்லிங் நமக்கு அந்நியமல்ல. லூகாஸ் கர்லிங்கும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1962-ல் தொடங்கியதுதான் சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா.

2. மரையின் அளவு, துளையின் அளவு இரண்டையும் மெக்கானிக்கிடம் வெர்னியரால் அளக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் சேமியுங்கள்.

3. ரிம்மர் பிரதர்ஸ் போன்ற தளங்களில் மாடல் வாரியாக, பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடம் உண்டு. உங்கள் பாகத்தைக் கண்டுபிடித்து அதன் பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளவும். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கான எண்களில் ஜி.டபிள்யூ.சி. என்று தொடங்கினால் வீல் சிலிண்டர், ஜி.எம்.சி. என்றால் மாஸ்டர் சிலிண்டர், ஜி.பி.எச். என்றால் பிரேக் ஹோஸ், ஜி.பி.எஸ். என்றால் பிரேக் ஷூ.

4. அந்த எண்ணை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். மற்ற கடைகளின் விலை வரும். நீளமான பக்கமாக இருந்தால் கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி எண்ணை டைப் செய்யுங்கள். நேராக அந்த வரிக்குப் போய்விடலாம்.

5. வாங்கும் முன் கடைக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். போட்டோக்களையும் அளவுகளையும் இணைத்து, மரை என்ன, துளை என்ன என்று கேளுங்கள். அளவைச் சொல்லாமல் ‘கண்டிப்பாகப் பொருந்தும்’ என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

எதை வாங்கக் கூடாது?

‘பழைய ஸ்டாக், பிரிக்காத டப்பா’ என்று வரும் ரப்பர் கப், ஹோஸ் வேண்டாம். பயன்படுத்தாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. வேறு காரிலிருந்து கழற்றிய பாகமும் வேண்டாம். பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்ய நம் நாட்டில் அனுமதி பெற வேண்டும்.

பணம் கட்டும்போது

2020 மார்ச் முதல் வழங்கப்படும் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைன் பயன்பாடும் நாமே கேட்டால்தான் திறக்கப்படும். வங்கித் தளத்தில் அவற்றை ஆன் செய்து, தேவைக்கு மட்டும் வரம்பு வைத்து, வேலை முடிந்ததும் ஆஃப் செய்துவிடுங்கள். பிரவுசரில் பாதுகாப்பான இணைப்பு என்று காட்டினால், இடையில் யாரும் படிக்க முடியாது என்றுதான் பொருள். கடைக்காரர் நல்லவர் என்று பொருளல்ல. ரூபாயிலா பவுண்டிலா என்று கேட்டால் பெரும்பாலும் பவுண்டே லாபம்.

பிரிட்டனில் விலையோடு சேரும் 20 சதவீத வாட் வரியை, வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பல கடைகள் கழித்துவிடும். ஆர்டர் முடிந்ததும் கன்ட்ரோல், பி கீகளை அழுத்தி அந்தப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமிக்கவும். சுங்கத்துக்கு பில் கேட்டால் கைவசம் இருக்கும்.

சுங்க வரி

பொருளின் விலைக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். அனுப்பும் செலவும் சேர்ந்த தொகைக்குத்தான் வரி கணக்காகும். எனவே தேவையான எல்லாவற்றையும் ஒரே பார்சலில் வாங்குங்கள். ‘கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பொய் என்பது ஒருபுறம். 2019 டிசம்பரிலிருந்து உயிர் காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர வேறு எதையும் தபால், கூரியர் வழியாக அன்பளிப்பு என்று சொல்லி இறக்குமதி செய்யத் தடை உள்ளது.

பார்சல் வரும் நேரத்தில் ‘சுங்கக் கட்டணம் பாக்கி, இந்த லிங்க்கை கிளிக் செய்யவும்’ என்று எஸ்.எம்.எஸ். வந்தால் கிளிக் செய்யாதீர்கள். டிராக்கிங் எண்ணை நீங்களே கூரியர் தளத்தில் டைப் செய்து பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யவும்.

பெடல் கல் மாதிரி

இரண்டாவது பார்சல் வந்ததும் மெக்கானிக் முதலில் பார்த்தது மரையைத்தான். ஆட்டமில்லாமல் கடைசி வரை விரலாலேயே ஏறியது. இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, ஏர் எடுத்தார். (ஆயிலை மட்டும் உள்ளூரிலேயே வாங்கினோம். டாட் 3, டாட் 4 வகையோடு சிலிக்கான் வகையான டாட் 5-ஐக் கலக்கக் கூடாது.) பெடலை மிதித்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. காலி மைதானத்தில் பத்து முறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் பெரியப்பாவிடம் சாவி கொடுத்தார்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு அதே இறக்கத்தில் அதே கார் போனது. பின் சீட்டில் பேத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மவுஸ் கிளிக்கில் உலகத்தின் எந்தக் கடைக்கும் போய்விடலாம்தான். ஆனால் கிளிக் செய்வதற்கு முன் வெர்னியரை எடுங்கள். மிக்சி கப்ளரோ தையல் மெஷின் பாகமோ பம்ப்செட் சாமானோ எதைத் தேடினாலும், எண்ணும் அளவும் கையில் இருக்கட்டும்.