உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக்குத் தோள் கொடுத்த வால்நட்!

பெங்களூர் அடுகோடியிலிருந்து ஓசூர் ரோட்டைப் பிடித்துத் தெற்கே போங்கள். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி! இந்தக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தவர் பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், .405 ரைஃபிள். அதைத் தோளில் தாங்கும் கட்டை வால்நட் மரம்!

அதே மாடல், அதே .405! 1909-ல் ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனவர் யார் தெரியுமா? அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்!

முதல் உலகப் போரில் துப்பாக்கிக் கட்டைக்கும் வால்நட், விமானத்தின் புரொப்பெல்லருக்கும் வால்நட்! தட்டுப்பாடு வந்தது. அமெரிக்க சாரணச் சிறுவர்கள் காடுமேடெல்லாம் சுற்றி மரம் தேடினார்கள். கண்டுபிடித்துக் கொடுத்தது எவ்வளவு? 5,200 ரயில் வேகன்கள் நிறையும் அளவு!

நம் போலீஸின் பழைய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் கட்டை சட்டை மாதிரி சைஸ் சைஸாக வந்தது! பாண்டம், ஷார்ட், நார்மல், லாங். ஆளின் கை நீளத்துக்கு ஏற்றதை மாட்டிக்கொள்ளலாம். உத்தரப் பிரதேச போலீஸ் இந்தத் துப்பாக்கிக்கு விடைகொடுத்தது எப்போது? 2020 குடியரசு தினத்தன்று!

பெரும்பாலான மரப்பலகைகள் நாளானால் கருக்கும். கருப்பு வால்நட் வெயிலில் வெளுக்கும்!

இனிமேல்தான் எனக்குப் பிடித்த சங்கதி. பழைய வால்நட் கட்டையில் பள்ளமா? மக்கு வேண்டாம், பசை வேண்டாம். ஈரத்துணியைப் போட்டு மேலே சூடான இஸ்திரிப்பெட்டியை வையுங்கள். நீராவி ஏற ஏற, நசுங்கிய மரம் தானே உப்பி எழும்பும்! நார் அறுந்துபோயிருந்தால் மட்டும் எழும்பாது.

அறுபது வருஷ எண்ணெய் ஊறிக் கருத்துப்போன கட்டையா? சுண்ணாம்புக்கல் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசுங்கள். காயக் காய, உள்ளே இருந்த எண்ணெயை வெளியே இழுத்துவிடும். வெள்ளைத் தூள் பழுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்!

உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிவிட்டீர்களா? மரத்தை மறுபடி நனையுங்கள். படுத்திருந்த நாரெல்லாம் மீசை முடி போல நிமிரும். காய்ந்ததும் அதையும் தேய்க்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை!

பிடியில் சின்னச் சின்ன வைரக் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? நல்ல வேலைப்பாட்டில் ஒரு அங்குலத்துக்குள் 20 கோடுகளுக்கு மேல்! அதன்மேல் உப்புத்தாளைக் கொண்டுபோவது பாவம். தொழிற்சாலை முத்திரையும் அப்படித்தான். ஒருமுறை தேய்த்தால் போச்சு, துப்பாக்கியின் மதிப்பும் அதோடு போச்சு!

எண்ணெய் பூசப் பழைய கைகாரர்கள் வைத்திருந்த கணக்கு இது. ஒரு வாரம் தினமும். ஒரு மாதம் வாரத்துக்கு ஒருமுறை. ஒரு வருஷம் மாதத்துக்கு ஒருமுறை. அப்புறம் ஆயுள் முழுக்க வருஷத்துக்கு ஒருமுறை! பளபள வார்னிஷ் இதன் கிட்டே நிற்க முடியுமா? முடியவே முடியாது!

பூசுவது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனைக் குடித்து இறுகுகிறது. காயும்போது எடை கூடும் எண்ணெய்!

உலகத்திலேயே புகழ்பெற்ற துப்பாக்கிக் கட்டை எது? என் ஓட்டு ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பிக்குத்தான்! 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் அவர் வீழ்த்தினார். அதற்குப் பரிசாக வந்த துப்பாக்கி அது. விஷயம் முழுவதும் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் பொறித்திருக்கிறது!

குடகில் செப்டம்பர் 3 கைல்போள்து திருவிழா. துப்பாக்கிக்குப் பூஜை! சூட்டும் பூ எது தெரியுமா? நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்! குடவர்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு நீட்டித்தது 2029 வரை!

மற்றவர்களுக்கு உரிமம் கட்டாயம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்த்துத் தொழில் செய்யவும் தனி உரிமம் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கும் தடை!

கடைசியாக ஒரு அதிர்ச்சி. 1991 பிப்ரவரி 23, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. 38 மாடி அலுவலகக் கட்டடம். 22-வது மாடியில் மரப்பலகைகளைப் புதுப்பித்தவர்கள் ஆளிவிதை எண்ணெய்த் துணிகளைக் குவித்துவிட்டுப் போனார்கள். யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. துணி தானாகச் சூடேறிப் பற்றிக்கொண்டது! 18 மணி நேரத்துக்கும் மேல் எரிந்தது. 8 மாடிகள் நாசம். 3 தீயணைப்பு வீரர்கள் பலி. தீயை 30-வது மாடியில் நிறுத்தியது வெறும் 10 ஸ்பிரிங்க்ளர்கள்!

துப்பாக்கிக் கட்டையோ, பாட்டி வீட்டு ஊஞ்சல் பலகையோ, எதற்கு எண்ணெய் போட்டாலும் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தனித்தனியாக விரித்து வெளியே காயவையுங்கள். இன்றைக்கே!