வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா? பெயரை மறையுங்கள், திறமையைப் பாருங்கள்!

மேற்கு மாம்பலத்தில் மாடி அறைகளில் இயங்கும் சிறு கம்ப்யூட்டர் நிறுவனங்கள் பல உண்டு. வெப் டிசைனிங், அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர், நெட்வொர்க் சர்வீஸ் என்று ஐந்து, பத்து பேர் வேலை பார்க்கும் இடங்கள். ஆள் எடுக்கும்போது டெக்னிக்கல் கேள்விகள் கேட்பதற்காக இவற்றில் சிலர் என்னை அழைப்பதுண்டு. நான் உட்கார்ந்த இன்டர்வியூக்கள் பலவற்றில் முதல் கேள்வி, "அப்பா என்ன பண்றார்?" என்பதுதான். அடுத்து, "சொந்த ஊர் எது?", "வீடு எந்தத் தெருவில்?"

கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். பேச்சைத் தொடங்கத்தான் இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் பதில் காதில் விழுந்ததும் மனது மார்க் போட ஆரம்பித்துவிடுகிறது. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தகுதி மட்டுமே முக்கியம் என்று சொன்ன மனிதவள மேலாளர்களே, குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பெயர் செய்யும் வேலை

சுக்தேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகியோரின் ஆய்வும் 2007-ல் வெளியானது. பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்கள் 548-க்கு, 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே மாதிரித் தகுதியுடன் அனுப்பியவற்றில் வித்தியாசம் பெயரில் மட்டும். உயர்சாதி இந்துப் பெயருக்குப் பதில் வரும் வாய்ப்பை 3 என்று வைத்துக்கொண்டால், தலித் பெயருக்குச் சுமார் 2, முஸ்லிம் பெயருக்குச் சுமார் 1 என்ற அளவில்தான் இருந்தது.

நம் துறையில் எப்படி? டெல்லிப் பகுதியில் சாஃப்ட்வேர், கால் சென்டர் வேலைகளுக்கு 3,160 கற்பனை ரெஸ்யூம்களை அனுப்பிப் பார்த்த இன்னொரு ஆய்வு 2009-ல் வெளியானது. கால் சென்டர் வேலைகளில் சாதிப் பெயரால் வித்தியாசம் தெரிந்தது. சாஃப்ட்வேர் வேலைகளில் அப்படித் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: திறமையை நேரடியாக அளக்க முடிகிற இடத்தில் பெயருக்கு வேலை குறைகிறது. ஆனால் இந்த ஆய்வு ரெஸ்யூம் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. நேரில் உட்கார்ந்து பேசும்போது நடப்பது இதில் வராது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அப்பா பெயர், ஊர், தெரு, படித்த பள்ளி, பேசும் ஆங்கிலம் ஆகியவை அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

எக்செல்லில் ஐந்து படிகள்

இதற்குத் தனி சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். உங்களிடம் உள்ள எக்செல் போதும்.

1. விளம்பரம் கொடுக்கும் முன்பே அந்த வேலைக்குத் தேவையான நான்கைந்து திறமைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு காலம்.

2. வரும் விண்ணப்பங்களுக்கு எண் கொடுங்கள். பெயர், போட்டோ, அப்பா பெயர், முகவரி, வயது ஆகியவற்றைத் தனி ஃபைலில் போட்டு பாஸ்வேர்டு வைத்து, மார்க் போடாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே ஷீட்டில் வைத்து 'ஹைட்' செய்தால், யாராவது 'அன்ஹைட்' கொடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

3. வேலையையே பரீட்சையாக வையுங்கள். நான் ஒரு பக்க புரோகிராமில் மூன்று தவறுகளை வைத்து, 45 நிமிடம் தருவேன். விடையையும் எண்ணைப் போட்டுத்தான் திருத்துவோம். இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டதால், பிறகு நேரில் "இந்த வரி எதற்கு?" என்று கேட்பது அவசியம்.

4. இன்டர்வியூவில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை உடனே மார்க். கேள்வி கேட்பவர்கள் தனித்தனியாகப் போட்ட பிறகே கலந்து பேச வேண்டும்.

5. கூட்டிப் பாருங்கள். அதன் பிறகே பெயர் ஃபைலைத் திறங்கள்.

இதனால் நேரம் அதிகம் ஆகும். "அஞ்சு நிமிஷம் பேசினாலே ஆள் தெரிஞ்சிடும் சார்" என்று சொல்பவர்களும் உண்டு. பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டார்கள். முழுத் துல்லியத்துக்கு 1 என்றால், கேள்விகளை முன்பே வகுத்து நடத்தும் இன்டர்வியூ, ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்று கணிப்பதில் 0.42 பெற்றது. மனம் போனபடி பேசும் இன்டர்வியூவுக்கு 0.19. முதலாவதும் முழுத் துல்லியம் இல்லைதான். ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் நல்லது.

நான் போயிருந்த ஓர் இடத்தில், தமிழ் மீடியத்தில் படித்த ஒரு பெண் ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் திணறினார். ஆனால் மூன்று தவறுகளையும் கண்டுபிடித்ததோடு, நாங்கள் கவனிக்காத நான்காவதையும் வட்டமிட்டிருந்தார். பேச்சு மட்டும் போதும் என்றிருந்தால் அவர் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

இதைப் பெரிய அளவில் செய்த நிறுவனமும் சென்னையிலேயே உண்டு. ஜோஹோ 2000-களின் நடுப்பகுதியில் தொடங்கிய பள்ளியில், ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையுடன் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்துக்கொண்டது.

கம்ப்யூட்டரே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அமேசான் உருவாக்கிய ரெஸ்யூம் தேர்வு சாஃப்ட்வேர், பெண்களைக் குறிக்கும் சொல் வந்த ரெஸ்யூம்களுக்கு மார்க்கைக் குறைத்ததாகவும், அதனால் கைவிடப்பட்டதாகவும் 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பழைய ரெஸ்யூம்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அவற்றை வைத்துத்தான் அது கற்றுக்கொண்டது.

வேலை தேடுபவர்களுக்கு

நண்பரிடம் காப்பி செய்த பயோடேட்டாவில் அப்பா பெயர், மதம், திருமணம் ஆனவரா என்ற வரிகள் இருந்தால், விளம்பரத்தில் கேட்காதவரை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் செய்த இரண்டு புராஜெக்ட்களை, உங்கள் பங்கு என்ன என்பதோடு எழுதுங்கள். இன்டர்வியூவுக்கு அழைத்தால், "செய்முறைத் தேர்வு உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்றால் நம்பிக்கையோடு போகலாம்.