மழை ஓய்ந்த மலைப்பாதை: கூட வரும் நாயை என்ன செய்வது?

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். ஊருக்குள் இருப்பவர்களைத் தூவானம் நனைக்கும், அதோடு சரி. மலை ஏறுகிறவர்களுக்கோ மழை விட்ட பிறகுதான் ஆபத்து ஆரம்பமாகிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைப்பு நடத்தும் தமிழர்களில், நேர்த்திக்கடனுக்காக அலிபிரியிலிருந்தோ ஸ்ரீவாரிமெட்டிலிருந்தோ படி ஏறுகிறவர்கள் அநேகம். விடுமுறை நாளில் தலக்கோணை, கைலாசகோணை அருவிகளுக்குச் சாப்பாட்டு மூட்டையோடு புறப்படும் கோஷ்டிகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, மலை பச்சைப் பசேலென்று தெரியும்போது கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் இழுக்கும்.

அப்படிப் புறப்படுகிறவர்களின் பின்னால் பல சமயம் ஒரு நாயும் புறப்பட்டு விடுகிறது. அது ஆசையாக வளர்த்த வீட்டு நாயாக இருக்கலாம். அடிவாரத்தில் இரண்டு பிஸ்கட் வாங்கித் தின்ற தெருநாயாகவும் இருக்கலாம். அதை அழைத்துப் போகலாமா, கூடாதா?

480 கிலோமீட்டர் நடந்த நாய்

நாயின் நடைக்கு இந்த மலையே சாட்சி சொல்லும். 2019 அக்டோபர் 31 அன்று ஐயப்ப பக்தர்கள் 13 பேர் திருமலையிலிருந்து கால்நடையாகச் சபரிமலைக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு தெருநாய் அவர்களைத் தொடர்ந்தது. முதலில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அது பின்னால் வந்து கொண்டிருந்தது. தங்களுக்குச் சமைத்ததில் அதற்கும் ஒரு பங்கு வைத்தார்கள். நவம்பர் நடுவில் கர்நாடகத்தின் சிக்மகளூர் மாவட்டத்திலுள்ள கொட்டிகெஹாரவை அவர்கள் அடைந்தபோது, அந்த நாய் 480 கிலோமீட்டர் நடந்திருந்தது!

மகாபாரதத்தின் கடைசிப் பயணத்திலும் பாண்டவர்களின் பின்னால் ஒரு நாய் மலை ஏறுகிறது. அதை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மாட்டேன் என்று நின்றவர் தருமர். நம்பி வந்த ஜீவனைக் கைவிடலாகாது என்பது நம்மவர்களின் ரத்தத்தில் ஊறிய எண்ணம். ஆனால் அடைமழைக்குப் பின் சேஷாசல மலையில் அந்த அன்பை எப்படிக் காட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2021 தந்த பாடம்

2021 நவம்பர் 18-ந் தேதி திருப்பதியில் கொட்டிய மழையை எளிதில் மறக்க முடியாது. தெருக்கள் ஆறாக ஓடின. கபில தீர்த்தத்தில் அருவி காட்டாறாகப் பாய்ந்தது. நடைபாதைகள் மூடப்பட்டன. ஸ்ரீவாரிமெட்டுப் பாதை பலத்த சேதம் அடைந்தது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டு, சுற்றுக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் கடப்பை மாவட்டத்தில் செய்யாற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து பல உயிர்கள் பலியாயின.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததுதான். டிசம்பர் 1-ந் தேதி, திருமலைக்கு ஏறும் மலைச்சாலையில் பெரும் பாறைகள் சரிந்து சாலையைப் பெயர்த்தன. பெருமழை கொட்டிப் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் ஆகியிருந்தது! ஸ்ரீவாரிமெட்டுப் பாதை பழுது பார்க்கப்பட்டுத் திறக்க 2022 மே மாதம் ஆயிற்று.

காரணம் எளிது. பாறை வெடிப்புகளில் இறங்கிய நீர் உடனே வடிந்து விடாது. பாறையைத் தாங்கி நிற்கும் மண் நாளுக்கு நாள் இளகுகிறது. மர வேர்களின் பிடி தளர்கிறது. ஒரு நாள் சிறு தூறலோ, ஒரு மரத்தின் சாய்வோ போதும். வானம் வெளுத்து விட்டது என்பதற்காக மலையும் காய்ந்து விட்டதாக நினைக்கக் கூடாது. அதிகாரிகள் பாதையை மூடினால் வீம்புக்காக அல்ல. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது ஸ்ரீவாரிமெட்டை முன்கூட்டியே மூடியது இந்த அனுபவத்தால்தான்.

நாயைத் தேடி வரும் சிறுத்தை

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் லட்சுமி நரசிம்மர் கோயில் அருகே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதற்கு முன் ஜூன் மாதத்தில் ஒரு சிறுவனைக் கவ்விச் சென்று விட்டுவிட்டது. பிறகு கூண்டுகள் வைத்துப் பல சிறுத்தைகள் பிடிக்கப்பட்டன. பக்தர்களுக்குக் கைத்தடிகள் கொடுக்கப்பட்டன. வழியில் விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்றும் தேவஸ்தானம் கூறியது.

தீனிக்கும் சிறுத்தைக்கும் என்ன சம்பந்தம்? எறிந்த சாதத்துக்கு நாய் வரும். நாய்க்குச் சிறுத்தை வரும். மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காச் சிறுத்தைகளின் முக்கிய உணவுகளில் தெருநாயும் ஒன்று என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். புதரில் எதையோ கண்டு நாய் குரைத்தபடி பாயும். எதிரில் நிற்பது சிறுத்தையாகவோ கரடியாகவோ இருந்தால், பயந்து எஜமானிடமே ஓடி வரும். துரத்தி வருவதும் அங்கேதான் வந்து சேரும்.

நாயால் காட்டுக்கும் கேடு உண்டு. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயின் கிருமி சிலவற்றிடம் இருந்தது தெரிய வந்தது. எனவே, தலக்கோணை உள்ளிட்ட ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காக் காடுகளுக்கு நாயைக் கூட்டிச் செல்லாமல் இருப்பதே முறை.

கவனிக்க வேண்டியவை

காட்டுக்கு வெளியே, ஊரையொட்டிய குன்றுகளில் நாயோடு நடப்பவர்களும் சிலவற்றை மறக்கக் கூடாது. நாயைக் கழுத்துப் பட்டையும் கயிறுமாகப் பிடித்தே நடக்க வேண்டும். ஓடையில் முழங்காலுக்கு மேல் நீர் ஓடினால் திரும்பி விடுவது நல்லது. நாய் அடித்துச் செல்லப்பட்டால், அதைக் காப்பாற்றக் குதித்தவரும் போய்விடுவார். தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், மேலே கற்கள் உருளும் சத்தம் கேட்டாலும் ஓடைப்படுகையை விட்டு உடனே மேட்டுக்கு ஏற வேண்டும்.

மழைநீர் தேங்கிய குட்டையில் நாயைக் குடிக்க விடக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம். அது மனிதனையும் நாயையும் ஒருசேரத் தாக்கும். ஈரத்தில் ஊறிய நாயின் பாதம் கூர்கல்லில் எளிதில் கிழியும். வீடு திரும்பியதும் பாதங்களையும், காது மடல்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாயை வெளியே அழைத்துப் போவதே தவறு. தெருநாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தருமர் நாயைக் கைவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அடிவாரத்தில் பிஸ்கட் போட்டுக் காட்டுக்குள் இழுத்துப் போவது தருமம் ஆகாது. பசித்த நாய்க்கு ஊருக்குள்ளேயே ஒரு பிடி சோறு வைக்கலாம். வளர்த்த நாயை அண்டை வீட்டில் ஒப்படைத்து விட்டுப் படி ஏறலாம். வாசலில் காத்துக் கிடக்கும் அதற்கு, எஜமான் பத்திரமாகத் திரும்பி வருவதை விடப் பெரிய பிரசாதம் வேறென்ன இருக்க முடியும்?