தரையில் தெள்ளு, சுவரில் உண்ணி

வெப்பமண்டல ஊர்களில் நாயும் பூனையும் வளர்க்கும் வீடுகளைத் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் ஆண்டு முழுவதும் விடாமல் தொல்லைப்படுத்துவதற்கு முதற்காரணம், அவற்றின் பெருக்கத்தை நிறுத்திவைக்கும் குளிர்காலம் அங்கே இல்லாமையே ஆகும். குளிர்நாடுகளில் உறைபனி வெளியிடத்துப் பூச்சிகளின் வளர்ச்சியைச் சில மாதங்களுக்காவது முடக்கிவிடுகிறது; சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மார்கழி மாதக் குளிர்கூட அவற்றின் முட்டை பொரிவதைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையானதன்று. ஆயினும் மருந்து போட்டும் மறுபடி வந்துவிட்டது என்று மக்கள் சலித்துக்கொள்வதற்குத் தட்பவெப்பம் மட்டுமே பொறுப்பில்லை. விலங்கின் உடலில் கண்ணுக்குத் தெரிபவை மொத்தத்தில் ஒரு சிறு பங்கே என்பதும், தெள்ளும் உண்ணியும் ஒளிந்துகொள்ளும் இடங்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்பதும் பரவலாக அறியப்படாமையே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

தெள்ளுப்பூச்சி ஆறு கால்களும், இருபக்கமும் ஒடுங்கிய உடலும், தாவுவதற்கேற்ற நீண்ட பின்னங்கால்களும் கொண்ட சிறகற்ற பூச்சி. உலகெங்கும் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது பூனைத் தெள்ளு என்று பெயர்பெற்ற இனமே என்றாலும், அது நாயின் உடலிலும் அதே அளவு வசதியாக வாழக்கூடியது. பெண் தெள்ளு முதன்முறை இரத்தம் குடித்த ஓரிரு நாளுக்குள் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடுகிறது. அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த வெண்ணிற முட்டைகளுக்கு ஒட்டும் தன்மை இல்லாததால், விலங்கு நடக்கும், படுக்கும், உதறும் இடங்களிலெல்லாம் அவை உதிர்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் விலகி, பாயின் அடியிலோ, சோபாவின் இடுக்கிலோ, சிமெண்டுத் தரையின் வெடிப்பிலோ, கட்டிலுக்கடியில் சேர்ந்த தூசியிலோ புகுந்துகொண்டு, வளர்ந்த தெள்ளுகளின் கழிவாக உதிரும் உலர்ந்த இரத்தத் துகள்களையே முக்கிய உணவாகக் கொள்கிறது. விலங்கின் மயிர்க்கால்களுக்கிடையே காணப்படும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து, சிறிது நேரத்தில் செந்நிறம் கசிகிறதா என்று பார்த்தால், தெள்ளு கண்ணில் படாவிட்டாலும் அது இருப்பது உறுதியாகிவிடும்.

இந்த வாழ்க்கைச் சுழற்சியில் வீட்டாரை மிகவும் அலைக்கழிப்பது கூட்டுப்புழுப் பருவம். புழு தன்னைச் சுற்றி நூற்கும் கூட்டின்மீது தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் அது கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. பூச்சிக்கொல்லிகளும் அதற்குள் போதிய அளவு ஊடுருவுவதில்லை. வெப்பமும் ஈரமும் வாய்த்த இடத்தில் முட்டை முதல் முதிர்பூச்சி வரையிலான வளர்ச்சி இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது என்றாலும், முழு வளர்ச்சி அடைந்த தெள்ளு உடனே வெளிவராமல், கூட்டுக்குள்ளேயே ஐந்து மாதம் வரைகூடக் காத்திருக்க வல்லது. காலடி அதிர்வு, உடற்சூடு, மூச்சில் வெளியாகும் கரியமில வாயு ஆகியவை விலங்கோ மனிதரோ அருகில் இருப்பதை உணர்த்தும்போதுதான் அது வெளியே பாய்கிறது. நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டில் புதிதாகக் குடிபுகுவோரின் கணுக்கால்களை முதல் நாளே தெள்ளுகள் கூட்டமாகக் கடிப்பதற்கும், வளர்த்த நாய் இறந்து சில வாரங்களுக்குப் பின் கடி மிகுந்துவிட்டதாகத் தோன்றுவதற்கும் இதுவே விளக்கம். முறையாக மருந்திட்ட பிறகும் மூன்று நான்கு வாரங்களுக்குப் புதிய தெள்ளுகள் தென்படுவது மருந்து பொய்த்ததற்கு அடையாளம் ஆகாது. மருந்திடுமுன்பே கூட்டுக்குள் இருந்தவை வெளிவந்துகொண்டிருக்கின்றன என்பதே அதன் பொருள். இதை அறியாமல் பத்தாம் நாளே நம்பிக்கை இழந்து, வேறு மருந்தை அதன்மேல் அடிப்பதால் விலங்குக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு சேர்வதே மிச்சம்.

ஆகவே தெள்ளை அடக்கும் வேலை தரையில் தொடங்க வேண்டும். விலங்கின் படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறையாவது கொதிநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், மெத்தை, சோபா, மிதியடி ஆகியவற்றின் இடுக்குகளை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பதும் முட்டைகளையும் புழுக்களின் உணவையும் ஒருசேர அகற்றிவிடுகின்றன. அக்கருவியின் அதிர்வு கூட்டுக்குள் காத்திருக்கும் தெள்ளுகளை வெளிவரத் தூண்டி, மருந்தின் எல்லைக்குள் கொண்டுவந்து சேர்ப்பது கூடுதல் பயன். வாக்யூம் கிளீனர் இல்லாத வீடுகளில் தூசியைப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும், பாய்களை உச்சிவெயிலில் விரித்துவைப்பதும் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். பளிங்குக் கல்லோ ஓடோ பதித்த தரை கம்பளம் விரித்த தரையைவிடப் புழுக்களுக்கு வசதி குறைந்தது என்பது வெப்பமண்டல வீடுகளுக்கு வாய்த்த நற்பேறு. பெருந்தொல்லை உள்ள இடங்களில் மெத்தோபிரின், பைரிப்ராக்ஸிஃபென் போன்ற வளர்ச்சித் தடுப்பான்கள் பயன்படுகின்றன. பூச்சியை நேரடியாகக் கொல்லாமல், முட்டை பொரிவதையும் புழு முதிர்வதையும் தடுக்கும் பொருள்கள் இவை. மெத்தோபிரின் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் அது வீட்டுக்குள் மட்டுமே பயன்தரும்.

உண்ணி பூச்சி இனமே அன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவான எட்டுக்கால் உயிர். முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவத்தில் மட்டும் அதற்கு ஆறு கால்கள். நாய்களைப் பற்றும் பழுப்பு உண்ணி, இளம்பருவம், இடைப்பருவம், முதிர்பருவம் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு முறை நாயின் மீதேறி, சில நாள் இரத்தம் குடித்து, கீழே விழுந்து, மறைவிடம் தேடுகிறது; முதல் இரு பருவங்களில் அங்கே தோலுரிக்கிறது. இரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல் பருத்த பெண் உண்ணி உடலை விட்டு இறங்கியதும் தரையில் தங்குவதில்லை; சுவரின்மேல் ஏறி, காரைப் பிளவு, கதவுச் சட்டத்தின் இடுக்கு, சுவிட்சுப் பெட்டியின் பின்புறம், கூரை விட்டம், நாய்க்கூண்டின் மேல்மூலை என உயரமான வெடிப்புகளில் புகுந்து, 4000 வரை முட்டைகளிட்டு மடிகிறது. உண்ணி இனங்களில் பெரும்பாலானவை புல்வெளியையோ காட்டையோ நாடி வாழ, இந்த ஒன்று மட்டும் முழு வாழ்க்கையையும் மனித வீட்டுக்குள்ளேயே நடத்தி முடிக்க வல்லது. வறண்ட காற்றையும் தாங்கும். முதிர்ந்த உண்ணி உணவே இல்லாமல் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். தரையை மட்டும் கழுவி மருந்து தெளிப்பவர்கள் ஒரு மாதத்துக்குள் சுவரெங்கும் மணல்போன்ற குட்டி உண்ணிகள் ஊர்வதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

உண்ணிக்கு எதிரான முறைகளில் மிக நிலையான பயன் தருவது கொத்தனார் வேலை என்று சொன்னால் மிகையாகாது. சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைப்பதும், மரச்சட்டங்களின் இடைவெளிகளை மக்குப் பூசி மூடுவதும், கொட்டிலுக்கும் கூண்டுக்கும் சுண்ணாம்பு அடிப்பதும் முட்டையிடும் இடங்களையே இல்லாமற் செய்துவிடுகின்றன. மருந்து தெளிப்பதாக இருந்தால் சுவரின் இடுக்குகளிலும் மேல்மூலைகளிலும் தெளிக்க வேண்டும். மறைந்திருக்கும் முட்டைகள் பொரிந்து வருவனவற்றையும் பிடிப்பதற்கு, மருந்துச் சீட்டில் குறித்துள்ள இடைவெளியில் மீண்டும் தெளிப்பது இன்றியமையாதது. உடலில் ஒட்டிய உண்ணியை நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராகச் சீராக இழுத்தெடுத்து, சாராயத்திலோ சோப்புநீரிலோ போட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் விலங்கின் தோலைப் புண்ணாக்குவதோடு, உண்ணியைக் கிளர்ச்சியுறச் செய்து, அதன் உடலிலுள்ள கிருமிகள் கடிவாய்க்குள் செல்லவும் வழிசெய்யக்கூடும். வெறும் விரலால் நசுக்குவது அதனினும் தீது. கிருமி தோலின் கீறல் வழியே மனிதரை நேரடியாக அடையும்.

விலங்குக்குத் தரும் மருந்துகளில் கடந்த முப்பது ஆண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம் பெரிது. பிடரியில் சொட்டுவிடும் ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி உடலெங்கும் பரவுகிறது. அதனால்தான் மருந்திடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது என்கிறார்கள். அஃபாக்ஸோலேனர், ஃப்ளூராலேனர் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் கலந்து, கடிக்கும் தெள்ளையும் உண்ணியையும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை கொல்லும். வலிப்பு நோய் உள்ள நாய்களுக்கு மட்டும் இவற்றைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி எச்சரிக்கையோடு தர வேண்டும். வீட்டு விலங்குகள் அனைத்துக்கும் ஒரே காலத்தில், இடைவெளி விடாமல், குறைந்தது மூன்று மாதமாவது மருந்து தொடர்ந்தால் விலங்கே பொறியாகி, வீட்டில் மிஞ்சியிருக்கும் பூச்சிகள் அதன்மேல் ஏறி ஏறி அழிந்துவிடும். இங்கே ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு இட்டால், அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லாமையால், நடுக்கமும் வலிப்பும் கண்டு பூனை இறந்துபோகலாம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையோ, மாட்டுக் கொட்டிலுக்கு வாங்கிய டெல்டாமெத்ரினையோ அளவு தெரியாமல் கலந்து நாய்க்குட்டியைக் குளிப்பாட்டும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு; வாயில்லா உயிருக்குச் செய்யும் இந்தக் கொடுமைக்குச் சிக்கனம் ஒரு காரணமாகாது. பூண்டு தின்னக் கொடுத்தால் உண்ணி அண்டாது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேப்பெண்ணெய்க்குப் பூச்சிகளை விரட்டும் தன்மை ஓரளவு இருந்தாலும், விரைவில் குறைந்துவிடும் அதன் பயனை நம்பி முற்றிய தொல்லையை அடக்க முடியாது.

முற்றத்தையும் கொல்லையையும் பொறுத்தவரை, முழு இடத்துக்கும் மருந்தடிப்பது வீண்செலவு. தேனீக்களுக்கும் மண்புழுக்களுக்கும் செய்யும் கேடும் ஆகும். தெள்ளின் புழு நேர்வெயிலையும் வறட்சியையும் தாங்காது என்பதால், வெட்டவெளியான மணற்பரப்பில் சித்திரை வெயிலே வேண்டிய வேலையைச் செய்துவிடுகிறது. கவனிக்க வேண்டியவை நிழலும் ஈரமும் உள்ள இடங்கள்: நாய் குழிபறித்துப் படுக்கும் செடி மறைவு, நிறுத்திய வண்டியின் அடிமண், மாடிப்படியின் கீழ், விறகு அடுக்கும் செங்கல் குவியலும் உள்ள மூலை. சருகைக் கூட்டி, புல்லை ஒட்ட வெட்டி, தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெயில் உள்ளே விழச் செய்தாலே பாதித் தொல்லை குறையும். மருந்து தேவைப்பட்டால் இந்த மறைவிடங்களுக்கு மட்டும் இட்டு, மீன்தொட்டியும் கிணறும் உள்ள பக்கம் படாமல் காக்க வேண்டும்; பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கடும் நஞ்சு. எலியும் பெருச்சாளியும் வளை தோண்டியிருக்கும் வீட்டில் அவற்றை அகற்றாமல் தெள்ளு ஒழியாது.

இவ்வளவு உழைப்பும் அரிப்பைத் தவிர்ப்பதற்காக மட்டுமன்று. 1893இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் மாடுகளின் இரத்தக் காய்ச்சலை உண்ணி பரப்புவதை மெய்ப்பித்தனர். 1898இல் கராச்சியில் போல்-லூயி சிமோன் பிளேக் நோயை எலித் தெள்ளு பரப்புவதைச் சோதனையால் காட்டினார். பழுப்பு உண்ணி நாய்க்குத் தரும் எர்லிக்கியா நோயில் காய்ச்சலும் மூக்கில் இரத்தம் வடிதலும், பாபீசியா நோயில் ஈறு வெளுத்தலும் சிறுநீர் கருத்தலும் காணப்படும். இரண்டும் காலந்தாழ்ந்தால் உயிரைப் பறிப்பவை. தெள்ளை விழுங்கும் நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. சிறு குழந்தைகள் அறியாமல் தெள்ளை விழுங்கினாலும் அதே புழு அவர்களுக்கும் வரக்கூடும். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, பின்னர் வயநாடு வரை பரவிய கியாசனூர் காட்டு நோயைப் பரப்புவது வேறொரு காட்டு உண்ணி. வீட்டு நாயின் உண்ணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் இந்திய உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளில் பழுப்பு நாய் உண்ணியும் ஒன்று. அந்நோயில் காய்ச்சலோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடச் செந்நிறப் புள்ளிகள் தோன்றும். டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மருந்துக்கு அது விரைவில் கட்டுப்படும் என்றாலும், டெங்கு என்று எண்ணி நாள் கடத்தினால் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆதலால் நாய் வளர்க்கும் வீட்டில் எவருக்கேனும் காரணம் தெரியாத காய்ச்சல் கண்டால், உண்ணி கடித்ததையோ உண்ணியைக் கையால் எடுத்ததையோ மருத்துவர் கேட்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.