கடனும் நம்பகமும்

அரசின் மறைபொருள்களை அறிதற்கு உரியவர் யாவர் என்னும் வினா மிகப் பழையது. அமைச்சராவாரை அறம், பொருள், இன்பம், அச்சம் என்னும் நான்கினாலும் மறைவாகச் சோதித்துத் தெளிதல் வேண்டும் எனக் கௌடிலியரின் அருத்தசாத்திரம் விதிக்கும். ஐக்கிய அமெரிக்க அரசாங்கமும் தன் இரகசியங்களைக் கையாளுவோரை ஆராய்ந்தே தெளிகின்றது. ஆயின், அஃது ஆசைகாட்டிச் சோதிப்பதன்று. ஒருவர் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையைப் புரட்டிப் பார்ப்பது. அதன்பின் அளிக்கப்படுவதே பாதுகாப்பு அனுமதி.

1953ஆம் ஆண்டிலே சனாதிபதி ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் இலக்கக் கட்டளை, அரசாங்க உத்தியோகத்தரின் பின்னணி ஆராயப்படல் வேண்டும் என விதித்தது. அண்மைக்கால அளவுகோல் 2017 யூன் 8ஆந் திகதி நடைமுறைக்கு வந்ததாகும். அதன்கண் உள்ள 13 நெறிகளுள் ஒன்று தனிமனிதரின் ஒழுக்கம் பற்றியது. மற்றொன்று அவரது பொருள்நிலை பற்றியது.

கடன்பட்டமை தேசத்துரோகம் அன்று. அன்றாயின், அதனை ஏன் ஆராய்தல் வேண்டும்? வருவாய்க்குள் வாழ இயலாமை தன்னடக்கமின்மையையும் விதிகளை மதியாமையையும் காட்டக்கூடும் என்பது ஒரு காரணம். கடன் நெருக்குண்டவர் பணத்தின்பொருட்டுத் தகாதன செய்யத் துணியக்கூடும் என்பது மற்றையது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மத்திய புலனாய்வு நிறுவனத்து அதிகாரியாகிய ஓல்ட்றிச் ஏம்ஸ் என்பவர், கடன்சுமை அழுத்தியபோது, 1985ஆம் ஆண்டிலே 50,000 டொலர் பெற்றுச் சோவியத்து உளவுத்துறைக்கு இரகசியங்களை விற்கத் தொடங்கினார். அவர் காட்டிக்கொடுத்தோருட் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் அவர் 5,40,000 டொலர் பெறுமதியான வீட்டைக் கடனின்றி ரொக்கமாகவே வாங்கினார். அச்செல்வத்தின் ஊற்றை ஆராய்ந்து முடிவு காண ஆண்டுகள் பல சென்றன. 1994ஆம் ஆண்டிலேதான் அவர் கைதுசெய்யப்பட்டார். கடனைப் போலவே காரணங் காட்டவியலாத செல்வமும் ஐயத்திற்கு இடமாதல் இதனாலேயே.

எவ்வளவு கடன் இருந்தால் அனுமதி மறுக்கப்படும் என்பதற்கு இவ்வளவுகோலில் தொகை எதுவும் இல்லை. வேலையிழப்பு, நோய், மணமுறிவு, பிறர் செய்த மோசடி ஆகியவற்றால் கடனாளியான ஒருவர், கடன்கொடுத்தோருடன் பேசி உடன்பாடு கண்டு, சிறு தொகையேனும் மாதந்தோறும் தவறாது செலுத்திவருவாராயின், அவர் அனுமதி பெறுதல் கூடும். கைநிறையச் சம்பளம் பெற்றும் ஆண்டுக்கணக்காக வருமானவரி அறிக்கை கொடாதவரின் நிலையோ இடர்ப்பாடானது. அரசின் சாதாரண விதியையே பேணாதவர் அதன் இரகசிய விதியைப் பேணுவாரோ என நடுவர் வினவுவர். இனி, தொல்லை வந்தபின் அவசர அவசரமாகத் தீர்த்த கடன், முன்னரே முயன்று தீர்த்த கடனுக்கு ஒப்பாக மதிக்கப்படுவதில்லை.

கடனினும் கொடியது அதனை மறைத்தல். விண்ணப்பகாரர் நிரப்புதற்கென நெடுங்காலம் வழங்கிவந்த 86ஆம் இலக்கப் படிவம், கடந்த ஏழாண்டுக்காலத்து வங்குரோத்து, வரிப்பாக்கி முதலியவற்றையும், எக்காலத்தேனும் சூதாட்டத்தால் நேர்ந்த பொருளிடரையும் வினவுவது. அறிந்தே பொய் எழுதுதல் ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மேலும், வெளியானால் அவமானம் விளைக்கும் செய்தியை மறைத்துவைத்திருப்பவரை, அச்செய்தியை அறிந்த பகைவன் மிரட்டிப் பணியவைத்தல் எளிது. பிறர் சுட்டிக்காட்டுமுன் தாமாகவே விரைந்து திருத்திக் கூறியவர்க்கு இந்நெறியிலும் இரக்கம் உண்டு.

இவ்வச்சுறுத்தல் வாதம் எக்காலத்தும் நேர்மையாக வழங்கியதெனல் ஒல்லாது. 1953ஆம் ஆண்டுக் கட்டளையைக் கொண்டு தன்பாலினச் சேர்க்கையாளர் ஆயிரக்கணக்கானோர் உத்தியோகம் இழந்தனர். மிரட்டலுக்கு ஆளாவர் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால், வெளிப்பட்டால் வேலை போய்விடும் என்னும் அச்சத்தை விளைத்ததே அரசாங்கந்தானே! சனாதிபதி கிளின்ரன் 1995ஆம் ஆண்டிலே பிறப்பித்த 12968ஆம் இலக்கக் கட்டளை, பால்நாட்டம் பற்றி வேறுபாடு காட்டுதலைத் தடைசெய்தது.

அனுமதி பெறுதல் எவர்க்கும் உரிமையன்று என அமெரிக்க உயர்நீதிமன்றம் 1988ஆம் ஆண்டிலே ஈகன் வழக்கில் தீர்த்தது. ஐயம் எஞ்சுமாயின், அது நாட்டின் பாதுகாப்புக்குச் சார்பாகவே முடிக்கப்படும். ஆதலின், கடனைத் தீர்த்துவருகின்றேன் என வாய்மொழியாகக் கூறுதல் போதாது. பற்றுச்சீட்டுகளையும் வங்கிக் கணக்கையும் உடன்பாட்டுக் கடிதங்களையும் விண்ணப்பகாரரே முன்வைத்தல் வேண்டும்.