‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்திய பிறகு...

மாணவர்களே, அறிவியல் முகாம் ஒன்றுக்கு இணையத்தில் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண் ஆகியவற்றை நிரப்பி, ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்துகிறீர்கள். உடனே, “அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் இருக்க வேண்டும்” என்று சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. நீங்கள் நிரப்பிய மற்ற விவரங்கள் அப்படியே இருக்கின்றன. இந்த வேலையைச் செய்வது யார்?

அதன் பெயர் ‘படிவப் பொருள்’. (நீங்கள் படிக்கும் படிவம் 3, படிவம் 4 அல்ல!) பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற கட்டமைப்பில் இதைப் பார்ப்போம். அமெரிக்காவின் கேன்சஸ் மாநில நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் உருவான ஜாங்கோ, 2005ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது.

எந்தெந்த விவரங்கள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன விதி என்பதை நிரலாளர் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறார். அதைக் கொண்டு படிவப் பொருள் மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, பக்கத்தில் நிரப்ப வேண்டிய பெட்டிகளைக் காட்டுகிறது.

இரண்டாவது, வந்த விவரங்களைச் சோதித்து மாற்றுகிறது. நீங்கள் தட்டச்சு செய்தவை எல்லாம் வெறும் எழுத்துகளாகவே கணினிக்குப் போய்ச் சேரும். தேதியை உண்மையான தேதியாக மாற்றுவதும், பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்குவதும் இதன் பொறுப்பு.

மூன்றாவது, எல்லாம் சரியென்றால் தூய்மையான தரவை நிரலிடம் ஒப்படைக்கிறது. தவறு இருந்தால், எந்தப் பெட்டியில் என்ன தவறு என்று சொல்கிறது.

விதியைத் தவறாக எழுதினால் என்ன ஆகும்? 2009 ஏப்ரல் 12இல் பிறந்தவரின் அடையாள அட்டை எண் 090412 என்று தொடங்கும். அதை எழுத்தாகக் கொள்ளாமல் எண்ணாக வைத்தால், முன்னால் உள்ள சுழியம் மறைந்து 11 இலக்கங்களே மிஞ்சும். சரியாக நிரப்பிய மாணவரின் பதிவும் கெட்டுவிடும்! முதல் ஆறு இலக்கங்களும் பிறந்த தேதியும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடும் விதியையும் இங்கே சேர்க்கலாம்.

“உலாவியே சோதித்துவிடுகிறதே, மறுபடியும் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். உலாவி பயனரின் கையில் இருக்கிறது. அதிலுள்ள சோதனையை அவர் நீக்கிவிட முடியும். பக்கத்தைத் திறக்காமலேயே தரவை அனுப்பவும் முடியும். ஆகவே, வழங்கியில் நடக்கும் சோதனையே நம்பத்தக்கது.

ஆனாலும், இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் உங்கள் எண்ணையும் பிறந்த தேதியையும் சரியாகக் கொடுத்தால், இந்தச் சோதனைகளில் தேறிவிடுவார். தரவு விதிப்படி இருக்கிறதா என்றுதான் படிவப் பொருளுக்குத் தெரியும். அனுப்பியவர் நீங்கள்தானா என்று தெரியாது. அடையாள அட்டை எண்ணைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.